ஐந்தாம் கம்பியிலிருந்து தொடங்குங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவுடன் போகிறார். அண்மையில் கைமாறி வந்த ஐந்து கம்பி பேஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார், 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் பகுதியின் நீளம்). அதற்கு ஃபிளாட்வவுண்ட் கம்பி போட ஆசை. ஆனால் "ஐந்து கம்பியில் ஃபிளாட் போட்டால் ஐந்தாவதான பி கம்பி செத்துப்போகும், காசுதான் தண்டம்" என்று குழுவிலேயே ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். டடாரியோ குரோம்ஸ், தோமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாட், லா பெல்லா ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அவர் எந்தத் தொகுப்பைப் போட்டார், எந்த ஆம்பில் கேட்டார் என்பதைப் பொறுத்தது.

நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டல்லவா: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் மூன்றாவது அடிபட்டுப்போயிற்று. காலியான அந்த இடத்தில் ‘ஓசை இல்லாத ஐந்தாம் கம்பி’ என்று நான் சேர்த்துக்கொள்வதுண்டு. சத்துவாச்சாரியில் என் மேசைக்குச் சரிபார்க்க வந்த ஐந்து கம்பி பேஸ்களில் பெரும்பாலானவற்றில் ஐந்தாம் கம்பி கட்டைவிரலைச் சாய்த்துக்கொள்ளும் திண்ணையாகத்தான் பயன்பட்டது. ரவுண்ட்வவுண்ட் போட்டிருந்தவற்றிலும் இதே கதைதான். ஆகவே பழி முழுவதையும் ஃபிளாட்டின் தலையில் கட்ட வேண்டாம். அதே சமயம், ஃபிளாட் வாங்கும்போது மேலே உள்ள நான்கு கம்பிகளை மறந்துவிட்டு முதலில் பி கம்பியைப் பாருங்கள். பி சரியாக அமையும் தொகுப்பில் மற்ற நான்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாறி நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஃபிளாட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ் கம்பி எல்லாவற்றிலும் நடுவில் ஓர் எஃகு நரம்பு இருக்கும். அதன்மேல் வேறு கம்பி சுற்றப்பட்டிருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். நகத்தால் வருடினால் ரம்பம் போலக் கரகரக்கும். வெளிச்சுற்று தட்டையான நாடாவாக இருந்தால் ஃபிளாட்வவுண்ட். அதில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வீணை வாசிப்பவர்கள் பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; விரல் உரசும் ஓசை கேட்காமல் ஜாரு இழுப்பதற்காக. ஃபிளாட் கம்பி அந்த எண்ணெயைத் தன்னோடு கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசையும் வேறு. மீட்டியவுடன் ‘தொம்’ என்று ஒரு திரட்சி, பிறகு சீக்கிரமே அடங்கிவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வலந்தலையின் கணீர் அதில் வராது. ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டுக்குக் கால் இருக்காது.

தேவாலயத்துக்கு இது பொருத்தம் என்று உங்களுக்குத் தோன்றியது சரியே. கோட்டைக்குள் 1846-ல் கட்டிய புனித யோவான் ஆலயம் போன்ற பழைய கட்டடங்களையும், உயரமான கூரை போட்ட ஆலயங்களையும் நினைத்துப் பாருங்கள். ஓர் ஓசை அடங்குவதற்குள் அடுத்த ஓசை வந்து அதன் மேல் விழும். ரவுண்ட்வவுண்டின் நீண்ட ரீங்காரம் அங்கே கீர்த்தனையின் சொற்களை மூடிவிடும். ஃபிளாட் தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடும்.

இனி, பி கம்பிக்கு ஏன் இத்தனை சிக்கல்?

ஃபிளாட்டின் புகழ் எல்லாம் நான்கு கம்பியில் சம்பாதித்த புகழ். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதில் இருந்தது ஃபிளாட் கம்பிதான். அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் நான்கு கம்பி பேஸ்தான். 52 முதல் 110 வரையான தடித்த லா பெல்லா ஃபிளாட், அதையும் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். கீழ் பி சேர்த்த பேஸ் கிட்டார்கள் 1970களின் நடுவில்தான் தலைகாட்டின. கடைகளில் பரவலானது 1980களில். அதற்குள் உலகம் ரவுண்ட்வவுண்டுக்கு மாறிவிட்டிருந்தது. ஆகவே ‘நல்ல ஃபிளாட் பி கம்பி எப்படி ஒலிக்கும்’ என்பதற்கு நம் காதில் பதிந்த முன்மாதிரி ஒன்றும் கிடையாது. பழைய பதிவுகளில் கேட்ட, நான்காவதான ஈ கம்பியின் ஓசையை மனத்தில் வைத்துக்கொண்டு பி கம்பியில் அதைத் தேடுகிறோம். கிடைக்காதபோது கம்பி செத்துவிட்டது என்கிறோம்.

அடுத்தது கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான். ஈ கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. பி கம்பி 30.87 முறை. கம்பியின் நீளம் ஒன்றேயாக இருக்கும்போது, இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் கம்பியின் எடைக்கும் ஏற்ப மாறும். ஈ கம்பியில் கைக்குத் தெரியும் அதே விறைப்பு பி கம்பியிலும் வேண்டுமானால், பி கம்பி சுமார் 1.78 மடங்கு எடை இருக்க வேண்டும். தடிமனாகச் சொன்னால் ஏறத்தாழ 1.33 மடங்கு. ஆக, ஈ கம்பி 100 என்றால் பி 133-க்கு அருகில் இருக்க வேண்டும். ஈ 105 என்றால் 140. (இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு, கம்பி உறைமேல் அச்சிட்டிருக்கும்.)

இப்போது உறைகளைப் படித்துப் பாருங்கள். டடாரியோ குரோம்ஸ் ஐந்து கம்பித் தொகுப்பு 45, 65, 80, 100, 132. பெருக்கிப் பார்த்தால் பி கம்பியின் இழுவிசை ஈ கம்பியோடு கிட்டத்தட்டச் சமம். தோமாஸ்டிக் ஜேஎஃப்345 தொகுப்பு 43, 56, 70, 100, 136. அங்கே பி கம்பி ஈ-யைவிடச் சற்று விறைப்பாகவே வர வேண்டும். ஆனால் 105 ஈ கம்பியோடு 128 அல்லது 130 பி கம்பியைச் சேர்த்து வரும் தொகுப்புகளும் சந்தையில் உண்டு. அங்கே பி கம்பியின் இழுவிசை ஈ-யைவிடப் பதினைந்து விழுக்காடு வாக்கில் குறைந்து நிற்கும். ஈ கம்பியில் இருந்து விரல் கீழே இறங்கியதும் வெந்த நூடுல்ஸைத் தொட்டது போல இருக்கிறது என்று சிலர் சொல்வது இதைத்தான். உங்கள் குழு நண்பர் கையில் பட்டதும் அப்படி ஒரு தொகுப்பாக இருந்திருக்கலாம்.

இது தோராயக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். நடு நரம்பின் தடிமனும், அதன்மேல் எத்தனை அடுக்குச் சுற்று என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே ஒரு கம்பெனியின் பி-யை இன்னொரு கம்பெனியின் ஈ-யோடு ஒப்பிடாதீர்கள். ஒரே தொகுப்புக்குள் ஒப்பிடுங்கள்.

அப்படியானால் 145 தடிமனில் பி கம்பி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. தடிமன் ஏற ஏற, கம்பி கம்பியாக நடந்துகொள்வதை விட்டுவிட்டுக் கடப்பாரையாக நடந்துகொள்ளத் தொடங்கும். வளைய மறுக்கும் கம்பியில் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஓசைகள்) சரியான இரட்டிப்பில், மும்மடங்கில் நிற்காமல் சற்று மேலேறி நிற்கும். அடிப்படைச் சுரம் ஒன்று சொல்ல, மேற்சுரங்கள் வேறொன்று சொல்ல, காதுக்கு அது சுருதி சேராத கம்பி போலத் தோன்றும். தட்டை நாடாவில் அடுக்குகள் நெருங்கி அமர்ந்திருப்பதால் ஃபிளாட்டில் இந்த விறைப்பு இயல்பாகவே சற்று அதிகம். எனவே தேட வேண்டியது எடையும் வேண்டும், வளைவும் வேண்டும் என்ற கம்பியை. ஃபிளாட் பி கம்பி செய்வதன் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்றாவதான ஏ கம்பியில் ஐந்தாம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), ஈ கம்பியில் பத்தாம் ஃபிரெட், பி கம்பியில் பதினைந்தாம் ஃபிரெட். மூன்றும் ஒரே டி சுரம். வரிசையாக வாசித்துப் பாருங்கள். மூன்றாவது இடத்தில் ஓசை மங்குவது இயல்பு. எவ்வளவு நல்ல கம்பியிலும் கொஞ்சம் மங்கும். ஆனால் சுரம் எது என்றே தெரியாமல் ‘தப்’ என்று மட்டும் கேட்டால் அந்தக் கம்பி வேண்டாம். நண்பர் யாரிடமாவது ஃபிளாட் போட்ட ஐந்து கம்பி பேஸ் இருந்தால் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம்.

34 அங்குல ஸ்கேல் என்கிறீர்கள். அதே கம்பியை 35 அங்குல பேஸில் போட்டால் இழுவிசை சுமார் ஆறு விழுக்காடு கூடும். சில கம்பெனிகள் ஐந்து கம்பி பேஸை 35-ல் செய்வதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அந்த உதவி இல்லை. எனவே பி கம்பியின் எடையில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

கம்பியைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. மெல்லிசையில் பாடகர் ஒரு கட்டையில் (சி சுருதி) பாடினால் உங்கள் கீழ் சட்ஜம் பி கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கிறது. இரண்டு கட்டை என்றால் மூன்றாம் ஃபிரெட்டில். இரண்டரைக் கட்டைக்கு நான்காம் ஃபிரெட். ஐந்து கம்பி வாங்கியதன் பயனே அங்கேதான். ஆனால் ஒரு கட்டையின் அந்தக் கீழ் சட்ஜம் 32.7 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த சாதாரண ஆம்ப் அந்த அடிப்படை அதிர்வை உருப்படியாக வெளியே தள்ளாது. பந்தல் கச்சேரிகளில் பெரிய பெட்டிகள் இருந்தாலும், ஒலி அமைப்பவர் பெட்டியைக் காப்பாற்றுவதற்காகப் பல சமயம் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவார். பிறகு நமக்குக் கேட்பது எது? 65, 98, 131 என்று அதன்மேல் அடுக்கியிருக்கும் மேற்சுரங்கள். காது அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. ரவுண்ட்வவுண்டில் மேற்சுரங்கள் ஏராளம். சின்ன ஆம்பிலும் பி கம்பி பிழைத்துக்கொள்ளும். ஃபிளாட்டில் அவை குறைவு. அடியும் வராது, மேலும் வராது என்றால் மிச்சம் வெறும் காற்றுதான். கம்பி செத்துவிட்டது என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் ஆம்ப் செய்த கொலை என்பது என் கணிப்பு.

இதற்கு மருந்து எளிது. பி கம்பி கேட்கவில்லை என்றதும் எல்லோரும் பேஸ் குமிழைத் திருகுகிறார்கள். அதைத் தொடாதீர்கள், முடிந்தால் சற்றுக் குறையுங்கள். நடு அலைவரிசையை, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, கொஞ்சம் ஏற்றுங்கள். பி கம்பியை மீட்டும்போது மட்டும் விரலை பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பியின் அடிமுனை நிற்கும் இடம்) பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். தனியாகக் கேட்டால் சற்று மூக்கடைத்தது போல இருக்கும். தபேலாவும் கீபோர்டும் சேர்ந்த பிறகு அந்த மூக்கொலிதான் சுரத்தை அடையாளம் காட்டும்.

மூன்று கம்பெனிகளைப் பற்றி என் கருத்து.

குரோம்ஸ் துருப்பிடிக்காத எஃகு நாடா. உறையிலிருந்து எடுத்த புதிதில் ஃபிளாட் என்று நம்ப முடியாத பளபளப்பு இருக்கும்; சிலருக்கு அது பிடிக்காமல் பத்தாம் நாளே கழற்றிவிடுகிறார்கள். பொறுக்க வேண்டும். வாரம் நான்கைந்து மணி நேரம் வாசித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கி, வட்டமான ஓசைக்கு வரும். விறைப்பான தொகுப்பு, கைக்கு முதலில் கடினமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு அந்த ஆரம்பப் பளபளப்பே உதவி, ஏனென்றால் பி கம்பியில் மேற்சுரம் மிச்சம் இருக்கும்.

தோமாஸ்டிக் வியன்னாவில் 1919 முதல் கம்பி செய்யும் நிறுவனம். வயலின்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஜாஸ் ஃபிளாட் நிக்கல் நாடா, மிகக் குறைந்த இழுவிசை. ரப்பர் போல வளையும். அந்த வளைவால்தான் அதன் பி கம்பி 136 தடிமனிலும் கடப்பாரை ஆகாமல் பாடுகிறது. நடு அலைவரிசை நிறைந்த, மனிதக் குரல் போன்ற ஓசை. நான் தொட்ட ஃபிளாட் பி கம்பிகளில் என் மனத்துக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, விலை, மூன்றிலும் இதுதான் அதிகம். இன்னொன்று, கை. கம்பி அகலமாக ஆடுவதால் ஆக்‌ஷனைச் சற்று உயர்த்த வேண்டும் (ஃபிரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரம்தான் அது), மென்மையாக மீட்ட வேண்டும். திருமண வரவேற்பில் டிரம்ஸ்காரர் கை ஓங்கினால் நீங்களும் பதிலுக்கு ஓங்கி அடிப்பீர்கள். அப்போது கம்பி ஃபிரெட்டில் மோதிக் கடகடக்கும். அடக்கமாக வாசிப்பவர் கைக்கு அது அமுதம். மற்றவர்களுக்கு எரிச்சல்.

லா பெல்லா நியூயார்க் மாநிலத்துக் கம்பி. பழைய பதிவுகளின் அந்தத் தொப்பி ஓசை வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். நான்கு கம்பி பேஸுக்கு நான் யோசிக்காமல் அதையே சொல்வேன். ஐந்துக்கு வரும்போது உறையில் பி எண்ணைப் படித்து, மேலே சொன்ன 1.33 பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதன் இயல்பான இருட்டு ஓசை சின்ன ஆம்பில் பி கம்பியை விழுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது.

நீங்கள் கேட்காத இன்னும் சில: எர்னி பால் கோபால்ட் ஃபிளாட் ரவுண்டுக்கு மிக அருகில் உள்ள பிரகாசமான ஃபிளாட். ரோட்டோசவுண்ட் 77 மோனல் உலோக நாடா. சற்றுச் சொரசொரப்பு, உறுமல் உண்டு. கறுப்பு நைலான் சுற்றியவற்றை ஐந்து கம்பிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நைலான் லேசானது என்பதால் எடைக்காக பி கம்பியை மிகவும் தடிக்க வைக்கிறார்கள்; கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் வெட்டுக்குள் அது இறங்காது. நான்கு ஃபிளாட் வாங்கி, பி மட்டும் ரவுண்ட்வவுண்ட் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிக்கனமான யோசனை போலத் தெரியும். பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்டது போல ஆகும். ஒரே பாட்டில் இரண்டு பேர் மாறி மாறி வாசிப்பது போலக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பியின் உருண்டை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை பி கம்பியின் பாதையில் அளந்துகொள்ளுங்கள். பிறகு நட்டிலிருந்து முறுக்காணி வரை. ஃபிளாட் கம்பியின் முனையில் பல கம்பெனிகள் பட்டு நூல் சுற்றியிருக்கும். அந்த நூல் நட்டைத் தாண்டிய பிறகு தொடங்க வேண்டும். நட்டின் மேலேயே நூல் உட்கார்ந்தால் ஓசை அடைபடும். மாறாக, முழுத் தடிமன் பகுதி முறுக்காணி வரை நீண்டு அதில் சுற்றிக்கொண்டாலும் ஆபத்து. 132 தடிமன் நாடா அந்த வளைவில் வெடித்துப் பிரிந்துவிடும். உடலின் பின்புறத்திலிருந்து கம்பி கோக்கும் வசதி இருந்தால் ஃபிளாட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், பிரிட்ஜ் வழியே போடுங்கள். காரணம் அதே வளைவுதான். உறையில் ‘லாங் ஸ்கேல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், சுற்றின் நீளம் எத்தனை அங்குலம் என்று கம்பெனி கொடுத்திருக்கும் எண்ணை உங்கள் அளவோடு வைத்துப் பாருங்கள்.

வேலூரில் ஐந்து கம்பி ஃபிளாட் தொகுப்பு அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை. மவுண்ட் ரோட்டில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடைகளில் கேட்கலாம். போவதற்கு முன் தொலைபேசியில் ‘ஐந்து கம்பி, ஃபிளாட்’ என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். நான்கு கம்பித் தொகுப்பை எடுத்து நீட்டிவிட்டு ‘பி தனியாக வாங்கிக்கொள்ளலாம் சார்’ என்பார்கள். இணையத்தில் வாங்கினால் பாதி விலைக்குக் கிடைப்பதன் பக்கம் திரும்ப வேண்டாம். ஒருமுறை திரும்பினேன். உறை அசல் போலவே இருந்தது. நாடா மூன்றாம் வாரமே செம்பழுப்பாகத் துரு ஏறியது.

மாட்டும்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வைகாசி முதல் நாள். இரவு கச்சேரி. மதியம் தங்கும் விடுதி அறையில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய ஃபிளாட்டை மாட்டினேன். மின்விசிறி அனல்காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. நான்கு கம்பி முடிந்தது. பி கம்பி நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கவே, முறுக்காணியில் நுழைப்பதற்கு முன்பே கத்தரியால் நறுக்கினேன். நறுக்கிய நொடியில் முனையில் இருந்த சிவப்பு நூல் பூப்போலப் பிரிந்தது. உள்ளே சுற்று மெதுவாக நழுவுவது விரலுக்குத் தெரிந்தது. கையில் பிடித்திருந்த புடலங்காய் திடீரென்று வாடிப்போனது போல. மாட்டி, சுருதி சேர்த்து மீட்டினால் ஈரத்துணியைக் கல்லில் அடித்த ஓசை. அன்றிரவு முழுவதும் ஈ கம்பிக்குக் கீழே நான் இறங்கவில்லை. கீபோர்டு வாசித்த அண்ணன் மட்டும் கவனித்துவிட்டு, "என்னப்பா, கீழ் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாயா?" என்றார்.

முறை இதுதான். கம்பியை முறுக்காணி வரை இழுத்துப் பிடியுங்கள். அதற்கு அப்பால் மூன்று, நான்கு அங்குலம் விட்டு, குறட்டால் செங்கோணமாக மடியுங்கள். மடித்த இடத்துக்கு வெளியே நறுக்குங்கள். அந்த மடிப்புதான் உள்நரம்பையும் சுற்றையும் ஒன்றாகப் பூட்டி வைக்கும். முறுக்காணியில் இரண்டு சுற்று வந்தால் போதும்.

ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பி கம்பி நட்டில் முழுமையாக இறங்கி உட்காருகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். 125-க்கு வெட்டிய நட்டில் 132 தொங்கிக்கொண்டு நிற்கும். அப்படியானால் வேறு பழைய ரவுண்ட்வவுண்ட் கம்பித் துண்டு ஒன்றையே அரமாக வைத்து, வெட்டின் அகலத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். ஆழத்தைத் தொடாதீர்கள், ஆழம் போனால் புது நட்தான். பிரிட்ஜின் மேட்டைத் தாண்டி வரும் இடத்தில் கம்பி வானவில் போல வளைந்து வரும். கட்டைவிரலால் அங்கே ஒரு அழுத்து அழுத்தி நேராக்குங்கள். இந்த ஒரு அழுத்தில் பி கம்பி தெளிவதைக் கண்டு நீங்களே வியப்பீர்கள்.

அன்றிரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை முதல் ஃபிரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழு, எட்டாம் ஃபிரெட் அருகில் கம்பிக்கடியில் எவ்வளவு சந்து என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. விறைப்பான ஃபிளாட் கழுத்தை முன்னுக்கு இழுக்கும், சந்து பெரிதாகும்; கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் இறுக்காதீர்கள். பிறகு இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது. பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலைத் தொட்டெடுத்து வரும் ஓசையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வரும் ஓசையும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஓசை ஏறி நின்றால் பிரிட்ஜில் கம்பி சாய்ந்து நிற்கும் துண்டான சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். பி கம்பியின் திறந்த ஓசையில் டியூனர் முள் குழம்பித் தள்ளாடும். அந்தத் தொட்டெடுத்த ஓசையை வைத்தே சுருதியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நம் ஊர் வெயிலுக்கு ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் புகுந்து சில மாதங்களில் ஓசையைக் கொன்றுவிடும். அதனால்தான் கம்பியை வெந்நீரில் வேகவைக்கும் வழக்கமே வந்தது. ஃபிளாட்டை அப்படி வேகவைக்க வேண்டாம், நூல் நாசமாகும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் மேலும் கீழும் துடைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும். முதலில் கொடுக்கும் கூடுதல் பணம் அப்படித்தான் ஈடாகிறது. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் மட்டும் கிட்டாரை விட்டுவைக்காதீர்கள். கம்பிக்கு ஒன்றும் ஆகாது, கழுத்து கோணிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது குரோம்ஸ் 45-132. தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவராக இருந்து, கையில் பணமும் இருந்தால் தோமாஸ்டிக் என்றிருப்பேன். வரவேற்பும் திருவிழாவும் சேர்ந்திருப்பதால் கையின் ஓங்கலைத் தாங்கும் கம்பி வேண்டும். சின்ன ஆம்பிலும் பி கம்பி கேட்க வேண்டும். போட்ட முதல் வாரத்தில் ஓசை கண்ணாடி போல இருக்கிறதே என்று எனக்கு எழுதாதீர்கள். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். இப்போது கிட்டாரில் இருக்கும் ரவுண்ட்வவுண்டைக் கழற்றும்போது வெட்டி எறிந்துவிடாதீர்கள். முறுக்கைப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுருட்டி, புதுக் கம்பி வந்த உறையிலேயே போட்டு வையுங்கள். ஃபிளாட் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் அதே சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கழற்றிய ஃபிளாட்டை என்னிடம் கொண்டு வாருங்கள். முனை பிரியாமல் வைத்திருந்தால் பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்.